பயிர்க்கழிவை வயலுக்கு வெளியே எடுக்கலாமா? எடுத்தால் எவ்வளவு?

(இந்தக் கேள்வியை ஆறு பேர் விவாதிக்கிறார்கள். நீராவி, ஏர்முனை, மட்கு, கறவை, பாரம், வெண்காளான் என்பவை அவர்களின் புனைபெயர்கள்.)

நீராவி:

உலகம் முழுக்க ஓராண்டில் வயலில் மிஞ்சும் வைக்கோல், தட்டை, தாள், சோகை, கொடி எல்லாவற்றையும் சேர்த்தால் ஏறக்குறைய 375 கோடி டன் வரும் என்பது ஆய்வாளர்கள் இருபது ஆண்டுகளுக்கு முன்பே போட்ட கணக்கு. காற்றில் காய்ந்த வைக்கோல் ஒரு கிலோவில் 14 முதல் 15 மெகாஜூல் வெப்பம் இருக்கிறது. பெருக்கினால் 50 எக்சாஜூலைத் தாண்டுகிறது (ஒரு எக்சாஜூல் என்பது லட்சம் கோடி மெகாஜூல்). உலகம் ஓராண்டில் செலவிடும் மொத்த முதன்மை ஆற்றல் 600 எக்சாஜூல் அளவுதான். அதாவது புதிதாக ஒரு சென்ட் நிலத்தில்கூடப் பயிரிடாமல், ஒரு மரத்தைக்கூட வெட்டாமல், பன்னிரண்டில் ஒரு பங்கு ஆற்றல் நம் காலடியில் கிடக்கிறது.

இதில் கணிசமான பகுதியை என்ன செய்கிறோம்? வயலிலேயே தீ வைக்கிறோம். புகை ஊரை மூடுகிறது, யாருக்கும் ஒரு யூனிட் மின்சாரம்கூடக் கிடைப்பதில்லை. அதே வைக்கோலைக் கொதிகலனில் எரித்தால் புகையை வடிகட்டலாம், நீராவி எடுக்கலாம், மின்சாரமும் எடுக்கலாம். இரண்டு டன் வைக்கோல் ஒரு டன்னுக்கும் சற்று அதிகமான நிலக்கரியை மிச்சப்படுத்தும். பயிர்க்கழிவில் வயலுக்கு வெளியே பயன்படுத்தக்கூடியதை எல்லாம் எரிசக்திக்குத் திருப்ப வேண்டும் என்பது என் வாதம். மறுப்பவர்கள் எண்களோடு வந்தால் நல்லது.

ஏர்முனை:

எண்களோடே வருகிறேன் தம்பி.

ஒரு டன் நெல் வைக்கோலில் 5 முதல் 8 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்), ஒரு கிலோ அளவு மணிச்சத்து (பாஸ்பரஸ்), 12 முதல் 17 கிலோ சாம்பல்சத்து (பொட்டாசியம்) இருக்கிறது. ஒரு ஹெக்டேரில் 5 டன் அள்ளினால் 60 முதல் 85 கிலோ சாம்பல்சத்து லாரியில் ஏறிப் போகிறது. நெற்பயிர் மண்ணிலிருந்து எடுத்த மொத்த சாம்பல்சத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் வைக்கோலில்தான் தங்குகிறது, மணியில் இல்லை. தானியத்தை மட்டும் விற்கிற உழவன் இந்தச் சத்தைப் பெரும்பாலும் நிலத்திலேயே வைத்திருக்கிறான். வைக்கோலையும் விற்கத் தொடங்கிய வயலில் சில பருவம் ஒன்றும் தெரியாது. அப்புறம் இலை நுனி காயும், தண்டு சாயும், நோய் ஏறும். எதனால் என்று புரியாமல் யூரியாவைக் கூட்டிப் போடுவார்கள். சிலிக்கான் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நெல் வைக்கோலில் அது 4 முதல் 7 சதவீதம். தண்டுக்கு விறைப்பு தருவதும் குலைநோயைத் தாங்க வைப்பதும் அதுதான். அதை மூட்டையில் வாங்கிப் போடுகிற உழவர்கள் எத்தனை பேர்?

சத்தை விடுங்கள். மழை நேரடியாக வெறும் மண்ணில் விழுவதற்கும் தாள் மூடிய மண்ணில் விழுவதற்கும் உள்ள வேறுபாட்டைச் சரிவான நிலம் வைத்திருப்பவர்களிடம் கேளுங்கள். நிலப்பரப்பில் 30 சதவீதம் மூடியிருந்தாலே மண் அரிப்பு பாதிக்கும் கீழே இறங்கும். அந்த மேல்மண் உருவாக எத்தனை தலைமுறை ஆகும்! நீங்கள் 375 கோடி டன் என்று எழுதியது காலடியில் சும்மா கிடக்கும் எரிபொருள் இல்லை. அது ஏற்கெனவே வேலையில் இருக்கிறது.

தீ வைப்பதை நானும் வெறுக்கிறேன். ஆனால் தீ வைப்பது தவறு என்பதாலேயே அள்ளிப்போவது சரி ஆகிவிடாது.

நீராவி:

ஏர்முனை ஐயா, சாம்பல்சத்துக் கணக்கு சரி. ஆனால் அது சாம்பலில் அழியாமல் இருக்கிறதே! கொதிகலன் சாம்பலை வயலுக்குத் திருப்பினால் சாம்பல்சத்து, மணிச்சத்து, சிலிக்கா மூன்றும் திரும்புகின்றன. தழைச்சத்து மட்டும்தான் காற்றோடு போகும்.

அந்தத் தழைச்சத்தும் நீங்கள் நினைப்பதுபோல் அடுத்த பயிருக்குக் கைகொடுப்பதில்லை. தானிய வைக்கோலில் கார்பன்-நைட்ரஜன் விகிதம் 60 முதல் 100 வரை போகும். 25, 30-ஐத் தாண்டினாலே நுண்ணுயிர்கள் தங்களுக்குப் போதாத நைட்ரஜனை மண்ணிலிருந்து இழுத்துக்கொள்ளும். வைக்கோலை மடக்கி உழுத உடனே விதைத்த பயிர் மஞ்சளடிப்பது இதனால்தான். ஆக, உரத்தை மிச்சப்படுத்துவதற்காக வைக்கோலை உழுகிறவர் முதல் பருவத்தில் கூடுதல் உரம் போடுகிறார்.

மண்ணில் கார்பன் ஏறும் என்று அடுத்து சொல்வீர்கள். நூறு கிலோ வைக்கோல் கார்பனை மண்ணில் இட்டால் சில ஆண்டுகளில் 10, 15 கிலோதான் மிஞ்சும். மீதி கரியமில வாயுவாக மேலே போய்விடும். இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் பிராட்பால்க் என்ற வயலில் 1843 முதல் கோதுமைச் சோதனை நடக்கிறது. அதன் ஒரு பகுதியில் 1986 முதல் வைக்கோலை மண்ணுக்கே திருப்பி வருகிறார்கள். இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் மண்ணின் கரிமம், அதாவது கார்பன், உயர்ந்தது சிறிதளவே. வயலில் நுண்ணுயிர் மூலம் ஆவியாகப்போகிற கார்பனைக் கொதிகலன் மூலம் ஆவியாக்கி, நடுவில் ஒரு வேலை வாங்கிக்கொள்கிறேன் என்கிறேன். இதில் மண்ணுக்கு என்ன துரோகம்?

மட்கு:

மண்ணியல் படிப்பவன் என்ற முறையில் இருவருக்கும் கொஞ்சம் சேர்க்கிறேன்.

நீராவி சொல்கிற 10, 15 சதவீதம் சரியான வரம்புதான். ஆனால் ஆவியாகப் போன 85-ஐ வீண் என்று எழுதுகிறீர்களே, அங்கேதான் எனக்கு மறுப்பு. அந்த 85 மண்ணுக்குள் எரிந்துபோகும்போது மண்புழுவும் பூஞ்சையும் பாக்டீரியாவும் அதை உண்டு வாழ்கின்றன. அவை விடும் பசையும் பூஞ்சை இழைகளும் மண் துகள்களைக் குருணையாகச் சேர்க்கின்றன. குருணை கட்டிய மண்ணில் நீர் இறங்கும், வேர் இறங்கும், உழவு இலகுவாகும். மொத்தக் கரிமத்தை அளக்கும் ஆய்வுக்கூட எண்ணில் இது தெரியாது. கரிமம் 0.1 சதவீதம் ஏறிய நிலத்தில் நீர் இறங்கும் வேகம் அதைவிடப் பெரிய விகிதத்தில் மாறியிருக்கும். இதற்குத் தொடர்ந்து புதுத் தீனி வேண்டும். ஒரு முறை போட்டு நிறுத்தினால் குருணை உடைந்துவிடும்.

அதே நேரம் ஏர்முனை தரப்பில் யாரும் சொல்லாத ஒன்றும் இருக்கிறது. மண்ணில் நிலைத்து நிற்கும் கரிமத்தில் வேர் தரும் பங்கு, தரைக்கு மேலிருந்து வரும் அதே எடை வைக்கோல் தருவதைவிட அதிகம். வேர் ஏற்கெனவே துகள்களுக்கு நடுவே இருப்பதும் அதில் எளிதில் சிதையாத பொருள்கள் கூடுதலாக இருப்பதும் காரணம். வைக்கோலை அள்ளினாலும் வேரும் அடித்தாளும் வயலில்தான் இருக்கின்றன. எனவே கொஞ்சம் அள்ளினாலே நிலம் பாழாகிவிடும் என்பதையும் ஏற்க முடியாது.

இன்னொன்று. மட்கில் (கழிவு சிதைந்து மண்ணில் நிலைத்துவிட்ட பொருளில்) கார்பனும் நைட்ரஜனும் ஏறக்குறைய 12-க்கு 1 என்ற விகிதத்தில் இருக்கும். ஒரு டன் கார்பனை மண்ணில் மட்காக நிறுத்த 80 கிலோவுக்கு மேல் நைட்ரஜன் தேவை. வெறும் வைக்கோலிடம் அவ்வளவு இல்லை. வைக்கோலை மட்டும் மடக்கி மடக்கி உழுதும் கரிமம் ஏறவில்லையே என்று வருந்துகிறவர்கள் அதோடு பயறு வகைப் பயிரோ தொழுவுரமோ சேர்த்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். ராதம்ஸ்டெட்டை நீராவி எடுத்ததால் அதே வயலின் அடுத்த துண்டையும் சொல்லிவிடுகிறேன். ஆண்டுதோறும் ஹெக்டேருக்கு 35 டன் தொழுவுரம் பெறும் துண்டில் கரிமம் உரமிடாத துண்டைப்போல இரண்டு மடங்குக்கு மேல் நிற்கிறது. 35 டன் எல்லோருக்கும் கைக்கு எட்டாத அளவுதான். ஆனாலும் என்ன இடுகிறோம் என்பது எவ்வளவு இடுகிறோம் என்பதற்குச் சமமான கேள்வி.

கறவை:

எல்லாரும் கொதிகலனையும் மண்ணையும் பத்தியே பேசறீங்க. மாட்டை ஒருத்தரும் நினைக்கல. நீராவி தம்பி, உங்க 375 கோடி டன்ல எத்தனை கோடி டன் இன்னைக்கே மாட்டு வயித்துக்குள்ள போகுதுன்னு யோசிச்சீங்களா? அடுப்புக்குப் போறது, கூரைக்குப் போறது, தொழுவத்துல விரிக்கறது எல்லாம் அதுக்குள்ளதான் அடங்கும். மொத்த விளைச்சலைச் சொல்லிட்டு அதையே உபரின்னு கணக்கு வைக்கறது நியாயமில்ல. கோடையில பச்சை கிடைக்காத மாசங்கள்ல கால்நடையை உயிரோட வச்சிருக்கறது இந்தக் காய்ஞ்ச தட்டைதான். சின்ன விவசாயி கையில இருக்கற ஒரே சேமிப்பு அந்த மாடா இருக்கும்.

வைக்கோல் நல்ல தீவனம்னு நான் பொய் சொல்ல மாட்டேன். நெல் வைக்கோல்ல புரதம் 3, 4 சதவீதம்தான் தேறும். இரைப்பையில இருக்கற நுண்ணுயிருக்கே 7 சதவீதமாவது இருந்தாத்தான் வேலை ஓடும். அதுக்குக் கீழ போனா மாடு வயிறு நிறைய தின்னும், உடம்பு இளைச்சுக்கிட்டே போகும். செரிமானம் பாதிக்குப் பாதிகூடத் தேறாது. ஆனா இதைச் சரிபண்ண வழி இருக்கு. நூறு கிலோ வைக்கோலுக்கு நாலு கிலோ யூரியாவைத் தண்ணியில முழுசாக் கரைச்சு, அடுக்கடுக்கா சீராத் தெளிச்சு, காத்துப் புகாம மூடி மூணு வாரம் வைக்கணும். அமோனியா உள்ள ஊறி நாரைத் தளர்த்தும். புரதக் கணக்கும் ரெண்டு மடங்கு அளவுக்கு ஏறும். பிரிச்சதும் காத்தாட விட்டு, கார வாடை போனபிறகுதான் வைக்கணும். யூரியாவைக் கண்ணை மூடிக்கிட்டு அப்படியே தூவி வச்சா மாடு செத்துப்போகும், இதை யாரும் விளையாட்டா எடுத்துக்காதீங்க. கன்னுக்குட்டிக்கு இது வேண்டவே வேண்டாம்.

கடலைக்கொடி, பயறுக்கொடி எல்லாம் வேற ரகம். அதுல புரதம் ஏற்கெனவே நல்லா இருக்கு. அதைக் கொண்டுபோய் பாய்லர்ல போடறதைப் பார்த்தா எனக்கு வயிறு எரியுது.

மாடு தின்னதுல பாதிக்கு மேல சாணமா வருது, அது வயலுக்குத்தான் போகுது. மட்கு தம்பி சொன்ன 35 டன் தொழுவுரம் எங்கிருந்து வரும்? வைக்கோல் இல்லாம சாணம் இல்ல.

நீராவி:

கறவை அக்கா சொன்னதில் உபரி பற்றிய பகுதி முக்கியம். மொத்தத்திலிருந்து தீவனத்தைக் கழிக்க வேண்டும் என்பதில் எனக்கு வாதமில்லை. ஆனால் அறுவடை இயந்திரம் வந்த பகுதிகளில் நிலைமை வேறு. கால்நடை குறைந்துவிட்டது. இயந்திரம் வைக்கோலைத் துண்டுதுண்டாக வயல் முழுக்கச் சிதறிவிட்டுப் போகிறது. அடுத்த பயிருக்கு மூன்று வாரம்கூட அவகாசம் இல்லை. அந்த இடத்தில் தீப்பெட்டிதான் வேலை செய்கிறது. எரியும்போது தழைச்சத்து முழுவதும் போகிறது, மணிச்சத்தில் கால் பங்கு, கந்தகத்தில் சில வேளை பாதிக்கு மேல். நான் கேட்பது அந்த வைக்கோலைத்தான். அதையும் தர மறுப்பவர்கள் அந்த மூன்று வாரத்தில் என்ன செய்வது என்று சொல்ல வேண்டும்.

பாரம்:

நான் வைக்கோல் கட்டி ஏற்றும் தொழிலில் இருப்பவன். இந்த விவாதத்தில் யாரும் எடை போடாத ஒரு பொருள் இருக்கிறது: தூரம்.

உதிரி வைக்கோல் ஒரு கன மீட்டர் 40 கிலோகூடத் தேறுவது கடினம். இயந்திரத்தில் கட்டினால் 100 முதல் 200 கிலோ. அரைத்து அழுத்தி வில்லையாக்கினால் 600-க்கு மேல், ஆனால் அரைக்கவும் அழுத்தவும் மின்சாரம் வேண்டும். நிலக்கரி அதே கன மீட்டரில் 800 கிலோ இருக்கும். வைக்கோல் லாரி நிறைந்துபோகும், எடை ஏறாது. ஓட்டுநருக்கும் டீசலுக்கும் ஆகும் செலவு எடையைப் பார்த்துக் குறைவதில்லை.

இப்போது 20 மெகாவாட் மின்நிலையம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வெப்பத்தில் 28 சதவீதம் மின்சாரமாக மாறினால் மணிக்கு 17, 18 டன் வைக்கோல் வேண்டும். ஆண்டுக்கு 8,000 மணி நேரம் ஓடினால் 1.4 லட்சம் டன். ஹெக்டேருக்கு இரண்டரை டன் எடுப்பதாக வைத்தால் 56,000 ஹெக்டேரிலிருந்து வர வேண்டும். அறுவடை சில வாரங்களில் முடிந்துவிடும், நிலையம் ஆண்டு முழுக்க ஓட வேண்டும். எல்லாவற்றையும் ஆறு மீட்டர் உயரத்துக்கு அடுக்கினால் அடுக்கு மட்டும் 15 ஹெக்டேர் பிடிக்கும். தீ பரவாமல் இருக்க விடும் இடைவெளியைச் சேர்த்தால் அதைப்போல இரண்டு மடங்கு. ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டிய கட்டு ஒன்று உள்ளே போனால் போதும், பூஞ்சை பிடித்துச் சூடேறித் தானாகவே பற்றிக்கொள்ளும்.

எரிக்கும் இடத்திலும் தொல்லை. ஏர்முனை ஐயா சொன்ன அதே பொட்டாசியமும் அதோடு வரும் குளோரினும் கொதிகலன் குழாய்களில் உருகிப் படிந்து அரிக்கின்றன. டென்மார்க் 1980-களின் பிற்பாதியிலிருந்தே மின்நிலையங்களில் வைக்கோல் எரித்துப் பழகிய நாடு. அங்கேயும் இந்த அரிப்பைத் தவிர்க்க நீராவியின் வெப்பத்தைக் குறைத்தே வைக்க வேண்டியிருந்தது, அதனால் கிடைக்கும் மின்சாரம் குறையும். மழையில் நனைந்து திரும்பக் காய்ந்த வைக்கோலில் இந்த உப்புகள் கரைந்து வெளியேறிவிடும், கொதிகலனுக்கு அது நல்லது. வயலுக்கும் நல்லது, கரைந்தது மண்ணிலேயே இறங்குகிறது. ஆனால் அந்த நாட்களுக்கு யார் காத்திருப்பார்கள்?

எத்தனால் செய்யப் போனவர்கள் கதையும் தெரிந்ததுதான். அமெரிக்காவில் 2014, 2015-ல் மக்காச்சோளத் தட்டை முதலிய கழிவிலிருந்து எத்தனால் எடுக்க மூன்று பெரிய ஆலைகள் திறந்தார்கள், கான்சாஸில் ஒன்று, அயோவாவில் இரண்டு. 2019 முடிவதற்குள் மூன்றும் நின்றன அல்லது நிறுத்தப்போவதாக அறிவித்தன. வேதியியல் தெரியாமல் இல்லை. தட்டையோடு வரும் மண்ணும் கல்லும் இயந்திரத்தைத் தின்றதும், ஒரே சீராக உள்ளே தள்ள முடியாததும் பெரிய பங்கு வகித்தன. வயலிலிருந்து வருகிற பொருள் தொழிற்சாலை எதிர்பார்க்கிற பொருளாக ஒருநாளும் இருப்பதில்லை.

இதனால் எதுவும் நடக்காது என்று சொல்ல வரவில்லை. நடக்கிற இடம் எது என்று பாருங்கள். கரும்புச் சக்கை, நெல் உமி. கரும்பின் எடையில் கால் பங்குக்கு மேல் ஈரச் சக்கையாக ஆலைக்குள்ளேயே வந்து விழுகிறது, ஆலை அதை எரித்தே ஓடுகிறது. நெல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமி, அதுவும் அரவை ஆலையிலேயே குவிகிறது. இரண்டையும் சேகரிக்கத் தனியாக ஒரு லாரிகூட வேண்டியதில்லை, விளைபொருளோடு சேர்ந்தே வந்துவிட்டது. உமிச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா என்பதால் சிமெண்டோடு கலக்கவும் பயன்படுகிறது. ஆனால் எரிக்கும் வெப்பம் 700 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஏறினால் சிலிக்கா படிகமாக மாறத் தொடங்கும். அதற்குச் சிமெண்டில் வேலை இல்லை, நுரையீரலுக்கு ஆபத்து வேறு. வயல் வைக்கோலையும் ஆலைக் கழிவையும் ஒரே தலைப்பில் கூட்டிப் போடுவதால்தான் 375 கோடி மாதிரி எண்கள் கனவு காட்டுகின்றன.

ஏர்முனை:

பாரம் தம்பி சொன்னதைத்தான் நான் சொல்லத் தெரியாமல் தவித்தேன். சக்கையையும் உமியையும் எரிப்பதற்கு எனக்கு ஆட்சேபம் இல்லை. அவை வயலுக்குத் திரும்பப் போவதே இல்லை.

அந்த மூன்று வாரத்தில் என்ன செய்வது என்று நீராவி கேட்டீர்கள். அறுவடை இயந்திரத்தின் பின்னால் வைக்கோலைச் சீராகப் பரப்பும் கருவி மாட்டலாம். நின்ற தாளின் ஊடாகவே விதைக்கும் இயந்திரங்கள் வந்துவிட்டன. வைக்கோல் அகலாமலேயே அடுத்த பயிர் இறங்கிவிடும், அது மூடாக்காகக் கிடந்து களையையும் அடக்கும், ஈரத்தையும் காக்கும். கரும்பிலும் சோகையைக் கொளுத்தாமல் வரிசை விட்டு வரிசை பரப்பினால் நீர்ப்பாய்ச்சல் இடைவெளி நீளுகிறது. இதற்கெல்லாம் இயந்திரம் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். 20 மெகாவாட் நிலையத்துக்கும் இயந்திரம்தானே வேண்டும்? அந்த முதலீட்டில் எத்தனை விதைப்பு இயந்திரம் வரும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

நீராவி:

போடலாம் ஐயா, ஆனால் மண்ணுக்குத் திருப்புவதிலும் விலை உண்டு என்பதை நீங்கள் தொடவே இல்லை.

முதலில் மீத்தேன். நீர் தேங்கிய நெல் வயலில் புது வைக்கோலை மடக்கினால் காற்றில்லாச் சேற்றில் அது மீத்தேனாக மாறும். நூறு ஆண்டுக் கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவைப்போல 27 மடங்குக்கு மேல் சூடாக்கும். எரிக்கக் கூடாது என்று சொல்லி, அந்த வைக்கோலைச் சேற்றில் புதைத்தால் காற்றுமண்டலத்துக்கு என்ன லாபம்?

அடுத்தது நோய், பூச்சி. தண்டுத்துளைப்பான் புழு நெல் அடித்தாளில் ஒளிந்து அடுத்த பருவத்துக்கு வருகிறது. மக்காச்சோளத் தட்டை கிடந்த நிலத்தில் கோதுமை போட்டால் கதிரில் ஃபியூசேரியம் பூஞ்சை ஏறுகிறது, அதன் நஞ்சு தானியத்துக்குள் போகிறது. பருத்தியில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு வயலில் விட்ட செடியின் காய்ந்த காய்களில் பருவம் தாண்டுகிறது. பருத்திமாரை, அதாவது பருத்தி எடுத்தபின் நிற்கும் காய்ந்த செடியை, வயலில் விடாதே என்றுதான் பூச்சியியலாளர்களே சொல்கிறார்கள். அது மரம்போல் கெட்டியானது, மாடும் தின்னாது. துகள் பலகைக்கு உகந்தது, வில்லைக்கும் கரிக்கும் உகந்தது. இதையாவது எனக்குக் கொடுங்கள்!

மட்கு:

பருத்திமாரை நீராவிக்கே கொடுத்துவிடலாம் என்று நானும் நினைக்கிறேன்.

மீத்தேன் விஷயத்தில் அவர் சொன்னது பாதிதான். வைக்கோலை எப்போது மடக்குகிறோம் என்பதே எல்லாம். பயிரிடுவதற்கு 30 நாளுக்குள் இட்டால் ஒரு மதிப்பு, அதற்கு முன்பே காய்ந்த நிலத்தில் இட்டுவிட்டால் இன்னொரு மதிப்பு என்று பன்னாட்டுக் காலநிலைக் குழுவின் (IPCC) கணக்கு முறையே பிரித்து வைத்திருக்கிறது. 2006 நெறிமுறையில் பின்னதன் மதிப்பு முன்னதில் 0.29 பங்கு மட்டும். 2019 திருத்தத்தில் அது 0.19 ஆகக் குறைந்தது. அதாவது அதே வைக்கோல், அதே வயல், ஒரு மாதம் முன்னால் உழுதால் மீத்தேன் கணக்கில் அதன் பங்கு ஐந்தில் ஒன்றாகிறது. காற்றுள்ள மண்ணில் எளிதில் சிதையும் பகுதி முன்பே சிதைந்துவிடுவதுதான் காரணம். நட்ட பிறகு நீரை விட்டுவிட்டுப் பாய்ச்சினால் இன்னும் குறையும். நீராவி சொன்ன மஞ்சளடிப்பும் இதே காத்திருப்பில் பெருமளவு தீர்ந்துவிடும். இரண்டு பயிருக்கு நடுவே அந்த ஒரு மாதம் இல்லாத இடத்தில் வைக்கோலில் ஒரு பங்கை வெளியே எடுப்பதுதான் சரி. அங்கே என் வாக்கு நீராவிக்கு.

எடுப்பதாக இருந்தால் நேரே கொதிகலனுக்கு அனுப்புவதைவிடச் சாணத்தோடு கலந்து எரிவாயுக் கலனுக்கு அனுப்புவதை நான் விரும்புவேன். தனி வைக்கோலைக் கலனில் போட்டால் மிதந்து மேலே ஆடை கட்டிக்கொள்ளும், நைட்ரஜனும் போதாது. நறுக்கிச் சாணத்தோடு கலந்து கார்பன்-நைட்ரஜன் விகிதத்தை 20, 30-க்குக் கொண்டுவந்தால் ஓடும். மண்ணில் முதல் ஆண்டிலேயே ஆவியாகிவிடும் பகுதியைத்தான் கலன் வாயுவாக்குகிறது. சிதையாத நாரும் தழை, மணி, சாம்பல் சத்துகளும் கழிவுக் குழம்பில் வயலுக்குத் திரும்புகின்றன. குருணைக்குத் தீனி குறையும் என்பது உண்மை. ஆனால் எரித்தால் அந்தத் தீனி கொஞ்சமும் திரும்பாது.

வெண்காளான்:

குறுக்கே ஒரு சிறு செய்தி. வைக்கோலில் சிப்பிக்காளான் வளர்க்கிறவன் நான். நன்றாகப் பதப்படுத்திய ஒரு டன் காய்ந்த வைக்கோல் அரை டன்னுக்கு மேல் புதுக் காளான் தரும், கைபழகினால் அதற்கும் மேல். நாரைக் கெட்டியாக்கும் லிக்னின் என்ற பொருளைச் சிதைக்கிற பூஞ்சை இது, கறவை அக்கா யூரியாவால் செய்கிற வேலையை வேறு வழியில் செய்கிறது. காளான் எடுத்த பிறகு மிஞ்சும் வைக்கோலைத் தொழுவுரத்தோடு மட்க வைத்தால் வேகமாக மட்கும். இதில் கோடி டன் தீராது, அந்த எண்ணமும் இல்லை. புதுக்காளான் ஒரு வாரம்கூடத் தாங்காது, விற்கும் இடம் பக்கத்தில் இருக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை மட்டும் எல்லாருக்கும். அமினோபைரலிட் வகைக் களைக்கொல்லி அடித்த வயலின் தாளை மட்கவைத்துத் தோட்டத்தில் போடாதீர்கள். மாட்டின் வயிற்றுக்குள் போய்ச் சாணமாக வந்தாலும் அது அழிவதில்லை. தக்காளியும் பயறும் சுருண்டுபோகும்.

ஏர்முனை:

களைக்கொல்லி பற்றிச் சொன்னதற்கு நன்றி, வைக்கோல் வாங்குகிறவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை.

மட்கு, நீங்கள் நேராகச் சொல்லுங்கள். ஒரு வயலில் இவ்வளவு எடுக்கலாம் என்று அளவு உண்டா, இல்லையா? "ஒரு பங்கு" என்று சொன்னால் வியாபாரி அதை முக்கால் பங்கு என்று படிப்பான்.

மட்கு:

எல்லா வயலுக்கும் ஒரே அளவு கிடையாது. சதவீதமாகச் சொல்வதே தவறு. எடுக்கும் அளவைப் பார்க்காமல் விட வேண்டிய அளவிலிருந்து தொடங்க வேண்டும்.

மக்காச்சோளத் தட்டையை வைத்து அமெரிக்க மண்ணியலாளர்கள் 2007-ல் வெளியிட்ட கணக்கில், மண் கரிமம் இறங்காமல் இருக்க ஹெக்டேருக்கு ஐந்தேகால் டன் முதல் பன்னிரண்டரை டன் வரை விட வேண்டும் என்று வந்தது. கீழ் எண் உழவில்லாமல் தொடர்ந்து மக்காச்சோளம் போடும் நிலத்துக்கு, மேல் எண் ஆழ உழுது சோயாவுடன் மாற்றிப் போடும் நிலத்துக்கு. அரிப்பைத் தடுக்க மட்டும் வேண்டியது இதைவிடக் குறைவாக இருந்தது. ஆழ உழுகிறவர் நிலத்தில் விளையும் தட்டையே பல இடங்களில் பன்னிரண்டு டன் வராது! அவரிடம் விற்க ஒன்றுமே இல்லை என்று பொருள். மானாவாரியில் ஹெக்டேருக்கு இரண்டு மூன்று டன் தாள் விளையும் நிலத்துக்கு இந்தக் கேள்வியே எழக் கூடாது. அங்கே மாட்டுக்கும் மண்ணுக்குமே பற்றாக்குறை.

நல்ல நீர்ப்பாசனத்தில் எட்டு டன்னுக்கு மேல் தாள் விளைகிற, சமதளமான, குறைவாக உழுகிற, இடையில் பயறோ பசுந்தாளோ போடுகிற நிலம் இருந்தால் அங்கே உபரி உண்டு. நான்கு நிபந்தனை சொன்னேன், நான்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.

நீராவி:

மட்கு சொல்கிற நான்கும் பொருந்துகிற வயல்கள் போதுமான அளவு இருக்கின்றன என்றே நான் நம்புகிறேன். தீ மூட்டுவதும் பெரும்பாலும் அதுபோன்ற நீர்ப்பாசன நிலங்களில்தான். எனவே என் கோரிக்கையை இப்படி வைக்கிறேன்: சக்கை, உமி, பருத்திமார் முழுவதும், வயல் வைக்கோலில் நீர்ப்பாசன நிலத்து உபரி மட்டும், நிலையம் பாரம் சொன்ன அளவில் வேண்டாம், அருகிலுள்ள அரவை ஆலைக்கோ உலர்த்தும் களத்துக்கோ வெப்பம் தரும் சிறு கொதிகலன் போதும். மின்சாரமாக மாற்றும்போது முக்கால் பங்கு வெப்பம் வீணாகிறது, வெப்பமாகவே பயன்படுத்தினால் அந்த இழப்பு மிகக் குறைவு. தூரமும் சுருங்கும்.

எரிவாயுக் கலனை நான் ஏற்கவில்லை. வைக்கோல் அதில் சிதைய மாதக்கணக்கில் ஆகும், பெரிய கலன் வேண்டும், சாணம் கிடைக்காத பகுதியில் ஓடாது. வைக்கோல் மிஞ்சுகிற பகுதியில் மாடு குறைவு என்பதை மறக்க வேண்டாம்.

ஏர்முனை:

சிறு கொதிகலன் என்றால் பேசலாம். ஆனால் வைக்கோலைக் கொடுக்கிற உழவனோடு எழுதும் ஒப்பந்தத்தில் மூன்று விஷயம் இருந்தால்தான் என் வயலைத் திறப்பேன். எந்த உயரத்தில் வெட்டுவது என்று இருக்க வேண்டும், ஒட்ட அறுத்தால் மண்ணும் சேர்ந்து போகிறது, பாரம் சொன்ன கல்லும் அங்கிருந்துதான் வருகிறது. இரண்டு பருவத்துக்கு ஒரு முறைதான் எடுக்கலாம், நடுவே முழுதும் நிலத்துக்கு. அடிச்சாம்பல் எடுத்த வயலுக்கே திரும்ப வேண்டும். புகைபோக்கி வடிகட்டியில் சேரும் பறக்கும் சாம்பல் வேண்டாம், அதில்தான் காட்மியம் என்ற நச்சு உலோகம் குவிகிறது.

நீராவி:

வெட்டும் உயரமும் சாம்பலும் சரி, இரண்டும் எனக்கும் லாபம். ஒரு பருவம் விட்டு ஒரு பருவம் என்பதை ஏற்க முடியாது. கொதிகலன் ஆண்டுதோறும் ஓட வேண்டும். வயல்களைச் சுழற்சியில் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அப்போது இரண்டு மடங்கு பரப்பில் ஆள் சேர்க்க வேண்டியிருக்கும், பாரம் சொன்ன தூரம் மறுபடி நீளும்.

பாரம்:

பரப்பு இரண்டு மடங்கானால் தூரம் இரண்டு மடங்காகாது, 1.4 மடங்குதான். வட்டத்தின் ஆரம் வர்க்கமூலத்தில் வளரும். அந்தச் செலவைத் தாங்கலாம். ஒரே வயலில் ஆண்டுதோறும் கனமான வண்டி ஏறி மண் இறுகுவதைவிட எனக்கு அது பரவாயில்லை. ஈர வயலில் என் வண்டியை இறக்கச் சொல்லாமல் இருந்தால் சரி.

கறவை:

சுழற்சின்னு எழுதும்போது இன்னொரு வரியும் சேர்த்து எழுதுங்க. மழை பொய்த்த வருஷத்துல கொதிகலனுக்குக் கட்டு ஏத்தறதுக்கு முன்னாடி, அக்கம்பக்கத்துல மாடு வச்சிருக்கறவங்க கேட்டா அவங்களுக்குத்தான் முதல்ல. பாய்லரை ஒரு பருவம் அணைச்சு வைக்கலாம். மாட்டை அப்படி வைக்க முடியாது.